புல்லியன் ரோஜா: கையைக் குறை சொல்வதற்கு முன்

ஊசிமேல் நூலைச் சுற்றி, ஊசியை உருவி, இதழ் இதழாகப் பூப் போடும் எம்பிராய்டரித் தையல்தான் புல்லியன் ரோஜா. அதைக் கற்றுக்கொள்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "அக்கா, சுத்துற வரைக்கும் நல்லா வருது, ஊசியை இழுத்தா மாட்டிக்குது. எனக்குக் கை சரியில்லை போல." கை சரியாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் கோளாறு ஊசியில்.

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ ஃபேன்சி ஸ்டோரில் போய் "எம்பிராய்டரி ஊசி" என்று கேட்டால், பெரும்பாலும் காது அகலமான ஊசியைத்தான் எடுத்துத் தருவார்கள். சங்கிலித் தையலுக்கும் காம்புத் தையலுக்கும் அது அருமையான ஊசி. புல்லியனுக்கு ஆகாது. நூலைச் சுற்றுவது ஊசியின் மெல்லிய உடம்பில். அந்தச் சுற்றுகளுக்குள்ளே நுழைந்து வெளியே வர வேண்டியதோ தடித்த காது. மாட்டாமல் என்ன செய்யும்? இதற்கென்றே இருப்பது மில்லினர் ஊசி. நீளமாக இருக்கும், காதும் உடம்பும் ஏறக்குறைய ஒரே கனம். பாக்கெட்டில் பெயர் இல்லையென்றால், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஊசியைப் பிடித்து முனையிலிருந்து காதுவரை உருவிப் பாருங்கள். விரலில் மேடு தட்டினால் அது வேண்டாம். நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். ஒல்லி ஊசியில் மூன்று இழை கோர்க்கக் கஷ்டமாக இருந்தால் நம்பரைக் குறைத்து வாங்குங்கள்.

அடுத்த தவறு, இறுக்கிச் சுற்றுவது. அழகாக வர வேண்டுமென்ற ஆசையில் நூலை இழுத்து இழுத்துச் சுற்றுவார்கள். சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசையாக இருந்தால் போதும்; விரலால் தள்ளினால் ஊசிமேல் நகர வேண்டும். சுற்றும்போது நூலின் முறுக்கு பிரிந்து இழைகள் விலகினால், எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். பருத்தி நூலுக்குச் சரியாக வரும் பக்கம் ரேயான் பட்டு நூலுக்கு வராமல் போகலாம். அப்புறம், ஊசியை உருவும்போது இடது கட்டைவிரல் சுற்றுகளின் மேலேயே அழுத்தியிருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் சுற்றுகள் கலைந்து முடிச்சாகிவிடும்.

இதழின் நீளத்தைக் கணக்கிட எண்ணிக்கையை மனப்பாடம் செய்யாதீர்கள். வீடியோவில் ஏழு சுற்று என்றால் அது அவர்கள் ஊசிக்கும் நூலுக்கும் பொருந்திய ஏழு. துணியில் ஊசி இறங்கும் புள்ளிக்கும் ஏறும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ, ஊசிமேல் சுற்றுகள் அடைக்கும் நீளமும் அவ்வளவு இருந்தால் இதழ் நேராகப் படுக்கும். சுற்று குறைந்தால் துணி சுருங்கும். ரோஜா இதழுக்கு வேண்டுமென்றே இரண்டு மூன்று சுற்று கூடுதலாகப் போட வேண்டும், அப்போதுதான் வளையும். வெளி இதழ் ஒவ்வொன்றும் முந்தைய இதழின் பாதியிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்று முடிந்த இடத்தில் அடுத்ததைத் தொடங்கினால் ரோஜா வராது, கம்பளிப்பூச்சிகள் வட்டமாகப் படுத்த மாதிரி இருக்கும்.

நூலை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் போதும். மீண்டும் மீண்டும் கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக வெட்டினால், ஒவ்வொரு முறை துணிக்குள் போய் வரும்போதும் நூல் தேய்ந்து பஞ்சு எழும்பும். லச்சி என்னும் நூல்கற்றையில் இருக்கும் ஆறு இழைகளில் மூன்றை ஒரே இழுப்பில் பிரிக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கடற்கரைப் புழுக்கத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. வியர்த்த விரலில் ஊசி வழுக்கும், வெளிர் நூல் அழுக்காகும். பக்கத்தில் ஒரு கைக்குட்டை இருக்கட்டும். பாதி வேலையில் ஊசியைத் துணியிலேயே குத்திவைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். துருக்கறை பிடித்தால் சோப்பில் போகாது.

முதல் ரோஜாவையே பட்டு ஜாக்கெட்டில் போடத் துணிகிறவர்களை என்ன சொல்ல? பட்டில் ஊசி போன ஓட்டை தெரியும், பிரிக்க முடியாது. புதுச்சேரி ரோமன் ரோலன் வீதியில் க்ளூனி சபைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் எம்பிராய்டரி மையம் இருக்கிறது. கைவேலையில் ஒழுங்கு என்றால் என்னவென்று கண்ணுக்குப் பழக, ஒருமுறை போய்ப் பார்க்கலாம். கை பழகுவதற்குக் கெட்டியான பருத்தித் துணி, அல்லது மிஞ்சிய டூ பை டூ ஜாக்கெட் துணி போதும். ஃப்ரேமில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டினால் ஊசியை ஒரே வீச்சில் இறக்கி ஏற்ற முடியாது. புல்லியனுக்குக் கொஞ்சம் தளர்வு வேண்டும்.

நீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்திருந்தால் முதலில் அலசிவிட்டுத்தான் இஸ்திரி. சூடு பட்டால் கோடு அப்படியே நின்றுவிடலாம். பூவின் மேல் நேராகத் தேய்க்காமல், டவலில் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் தேயுங்கள். ஜாக்கெட்டின் கைவிளிம்பில் நீள இதழ் வேண்டாம், வளையல் மாட்டி இழுக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் அதே நிறத்தில் ஒற்றை இழை எடுத்து, இதழின் நடுவில் சுற்றுகளுக்கு இடையே மறையும்படி ஒரு சின்னத் தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள்.