சேற்றுப் போத்தலில் மின்சாரம்: நம் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஞ்ஞானக் கண்காட்சி நெருங்கினால் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் யாராவது ஒரு பிள்ளை ஜாம் போத்தலில் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து நிற்கும். எனக்கு அதைப் பார்ப்பதே சந்தோஷம். சேற்றில் வாழும் ஜியோபாக்டர் போன்ற பற்றீரியாக்கள் மக்கிய பொருளைத் தின்று, ஒட்சிசன் இல்லாத இடத்தில் இலத்திரன்களை அனோட்டிடம், அதாவது சேற்றுக்குள் புதைத்த முனையிடம், ஒப்படைத்துவிடும். அந்த இலத்திரன்கள் கம்பி வழியே மேலே காற்றுப் படும் முனையான கதோட்டுக்குப் போய் ஒட்சிசனோடு சேரும். நுண்ணுயிரிலிருந்து மின்சாரம் வருவதை எம். சி. பொட்டர் என்பவர் 1911இலேயே காட்டிவிட்டார்.

பெரிய தவறு உலோகத்தில்தான் நடக்கிறது. ஒரு மாணவன் செப்புக் கம்பியையும் நாகம் பூசிய ஆணியையும் சேற்றில் குத்தினான். மல்டிமீற்றர் 0.9 வோல்ற்று காட்டியது, வகுப்பே கைதட்டியது. அதே சேற்றைச் சட்டியில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடி அளந்தோம். அப்போதும் 0.9. பற்றீரியா வெந்துபோன பிறகும் குறையவில்லை என்றால் அந்த மின்சாரம் ஆணி கரைந்து வந்தது. எலுமிச்சம்பழத்தில் குத்தினாலும் அதுதான் வரும். பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

ஆகவே இரண்டு முனையும் கரியாக இருக்கட்டும். நம் நாட்டில் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் தோண்டும் பென்சிற்கரிக்கு உலகத்தில் தனிப் பேர் உண்டு. ஆனால் பிள்ளையின் கைக்கு எட்டுவது பழைய சாதாரண டோர்ச் பற்றரியின் கரிக்கோல்தான். அதைப் பெரியவர் ஒருவர் உடைத்தெடுத்து, கறுப்புத் தூள் போகத் தேய்த்துக் கழுவித் தரவேண்டும். கம்பியும் கரியும் சேரும் இடத்தில் சேறு படாமல் மெழுகு ஊற்றி மூடுங்கள். அங்கே செப்பு தெரிந்தால் பழைய கதைதான்.

அடுத்தது மண். தேயிலை மலை மண் புளித்த மண். அதன் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; 7 என்றால் நடுநிலை) பெரும்பாலும் 4.5 முதல் 5.5க்குள் இருக்கும். இந்தப் பற்றீரியாக்களுக்கு நடுநிலைதான் பிடிக்கும். ஓடையோரச் சேறு நல்லது. தேயிலை மண்தான் கிடைத்தது என்றால், கவ்வாத்துக்குப் (தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்குப்) பிறகு புளிப்பைக் குறைக்க மலைக்குப் போடும் டொலமைட்டுத் தூளில் ஒரு சிட்டிகை கலக்கலாம். கழிப்பறைக் கான் பக்கம் போகவே வேண்டாம்.

அனோட்டு அடியில் புதைந்திருக்க வேண்டும், கதோட்டு மேலே காற்றுப் பட வேண்டும். தினமும் கிண்டிப் பார்த்தால் உள்ளே காற்றுப் புகுந்து எல்லாம் கெடும். சீனியை அள்ளிப் போட்டாலும் சேறு புளித்துவிடும்.

குளிரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை கிட்டத்தட்ட 16 பாகை செல்சியஸ். கொழும்பில் சீக்கிரம் வேலை செய்வது இங்கே மெதுவாகத்தான் நடக்கும். மூன்றாம் நாளே "சரிவரல்ல சேர்" என்று கொட்டிவிடாதீர்கள். அடுப்படிச் சுவரோரம் வைத்து இரண்டு மூன்று கிழமை பொறுங்கள்.

எல்.ஈ.டி எரியவில்லை என்று அழுத பிள்ளைகளும் உண்டு. சிவப்பு எல்.ஈ.டிக்கே சுமார் 1.8 வோல்ற்று வேண்டும்; சுமை ஏற்றிய (தடையி போன்ற ஒன்றை இணைத்த) ஒரு போத்தல் 0.3, 0.4 தந்தாலே நல்லது. ஒரே பேசினில் நாலு சோடி குத்தினால் வோல்ற்றளவு கூடாது, சேறு பொதுவாகிவிடும். தனித்தனிப் போத்தல்களைத் தொடராக இணைக்க வேண்டும்.

மீற்றரின் வெறும் வோல்ற்றளவை வலு என்று எழுதாதீர்கள். 1000 ஓம் தடையியை இணைத்து அளந்து 0.3 வோல்ற்று வந்தால், வலு 0.00009 வாற்று. 9 வாற்று பல்பு ஒன்றுக்கு இப்படி ஒரு இலட்சம் போத்தல் வேண்டும். "எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வெளிச்சம்" என்று அட்டையில் எழுதுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சின்ன வலு வீண் இல்லை: அமெரிக்காவில் பொட்டோமக் ஆற்றுச் சேற்றில் கிடந்த இத்தகைய கலங்கள் வானிலை அளக்கும் மிதவை ஒன்றை இயக்கியிருக்கின்றன.

அந்த மாணவன் மறுபடி செய்தான். இம்முறை கரிக்கோல்கள்; பக்கத்திலேயே கொதிக்க வைத்த சேற்றோடு இன்னொரு போத்தல். பதினெட்டாம் நாள் ஒன்றில் 0.38, மற்றதில் 0.03. இரண்டு எண்ணையும் அவனே அட்டையில் பெரிதாக எழுதினான்.