டிஎன்ஏ நகலாவதையும் பழுது பார்க்கப்படுவதையும் தாளில் வரைந்து புரிந்துகொள்வது எப்படி?

ஹெலிகேஸ், பிரைமேஸ், லிகேஸ் என்று நொதிகளின் பெயர்களை உருப்போட்டால் பரீட்சைக்கு மறுநாளே எல்லாம் மறந்துபோகும், எனக்கு அப்படித்தான் ஆனது. ஒரு தாளும் கருப்பு, சிவப்புப் பேனாக்களும் எடுத்து வரைந்தபோதுதான் பிடிபட்டது. ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: டிஎன்ஏ இழையின் இரண்டு முனைகளுக்கு 5, 3 என்று பெயர், நகல் எழுதும் பாலிமரேஸ் நொதி புது எழுத்தை, வளரும் இழையின் 3 முனையில்தான் ஒட்டும், 5 முனைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

டிஎன்ஏ-வின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதிப்பொருள்கள்தான். கருப்புப் பேனாவில் ஏ டி ஜி சி சி ஜி டி டி ஏ சி என்று எழுதி இடது ஓரத்தில் 5, வலது ஓரத்தில் 3 போடுங்கள். கீழே ஏ-வுக்கு டி, ஜி-க்கு சி என்று ஜோடி எழுத்துகள். கீழ் வரிக்கு எண்கள் தலைகீழ்: இடது 3, வலது 5. இங்கே தப்பினால் அப்புறம் எல்லாமே குழம்பும்.

இப்போது அதே ஜோடியை, இடது பக்கம் பாதி திறந்த ஜிப் மாதிரி வரையுங்கள். இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் வலது நோக்கித் திறந்துகொண்டே போகிறது. சிவப்புப் பேனாவை எடுங்கள். கீழ் இழையைப் பார்த்துப் புது இழை எழுதுவதில் கவலையே இல்லை, பிரைமேஸ் ஒரு சின்ன ஆர்என்ஏ துண்டைத் தொடக்கமாகப் போட்டுக்கொடுத்தால் ஜிப்பின் பின்னாலேயே இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டு போகலாம். மேல் இழையில்தான் வம்பு. அதற்கான புது இழை வலமிருந்து இடமாகத்தான் வளரும், ஜிப் திறப்பதோ எதிர்ப்பக்கம். ஆக, திறந்த வரைக்கும் ஒரு துண்டு எழுதி, கொஞ்சம் திறந்ததும் மறுபடி முன்னே போய் இன்னொரு துண்டு எழுத வேண்டும். ஜப்பானின் ஒகசாகி தம்பதி 1960-களில் கண்டுபிடித்த துண்டுகள் இவைதான், பாக்டீரியாவில் 1000 முதல் 2000 எழுத்து நீளம், நம் செல்லில் 100, 200தான். ஆர்என்ஏ-வை எடுத்துவிட்டு இடைவெளியை நிரப்பிய பிறகு லிகேஸ் ஒட்டிவிடும்.

சரி, சிவப்பு வரியில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைத் தப்பாகப் போடுங்கள். பாலிமரேஸும் ஏறக்குறைய லட்சத்துக்கு ஒன்று தப்பாகப் போடும், பெரும்பாலும் உடனே பின்வாங்கி அதை அழித்துவிடும். அதையும் தாண்டிய தப்பை வேறு நொதிகள் தேடிப் பிடிக்கின்றன, ஆனால் ஜோடியில் எது தப்பு என்று எப்படித் தெரியும்? உங்களுக்குச் சிவப்பு நிறம் காட்டிக்கொடுக்கிறது, ஈ. கோலை பாக்டீரியாவில் பழைய இழையில் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறி இருக்கும், குறி இல்லாத புது இழையைத்தான் அந்த நொதிகள் வெட்டும்.

கடைசியாக, கருப்பு வரியில் ஒரு சி-யை அடித்துவிட்டு யு என்று எழுதுங்கள். சி, அதாவது சைட்டோசின், தன் அமினோ தொகுதியை (ஒரு சின்ன அணுக்கூட்டம்) இழந்து தானாகவே யு, அதாவது யுராசில், ஆவது நம் ஒவ்வொரு செல்லிலும் தினமும் நடக்கிறது. டிஎன்ஏ-வில் யு-வுக்கு வேலையே இல்லை என்பதால் ஒரு நொதி அந்த எழுத்தை மட்டும் பிடுங்கிவிடும், பிறகு வேறு நொதிகள் இழையை அங்கே வெட்டி, எதிரே உள்ள ஜி-யைப் பார்த்துச் சி-யை நிரப்பி ஒட்டும். பழுது பார்க்காமல் இரண்டு தலைமுறை நகல் எடுத்துப் பாருங்கள்: யு-வுக்கு எதிரே ஏ வரும், அந்த ஏ-வுக்கு எதிரே டி வரும், சி-ஜி இருந்த இடத்தில் டி-ஏ உட்கார்ந்திருக்கும்.