இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டதா? பெங்களூர் கார்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. இருந்தும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கொட்டினால் பெல்லந்தூர், ஹொரமாவு, சில்க் போர்டு பக்கமெல்லாம் கார்கள் முங்கி நிற்கின்றன. ஏரிகளை இணைத்த ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாய்கள் மேல் வீடு கட்டியாயிற்று, தண்ணீர் எங்கேதான் போகும்? 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு மூழ்கி, ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனதை நாடே பார்த்தது.

என் கார் அடுக்ககத்தின் பேஸ்மென்டில் நின்ற இடத்திலேயே நனைந்தது. இன்ஜின் பிழைத்தது, இன்சூரன்ஸும் கிடைத்தது. ஆனால் நடுவில் ஒரு காகிதத்தில் யாரோ எழுதிய ஒரே வரியால் மொத்தச் செலவும் என் தலையில் விழப் பார்த்தது. அந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். பாலிசி எண்ணைத் தேடுவது, ஆப்பில் நுழைவது போன்றவை உங்களுக்கே தெரியும், விட்டுவிட்டேன்.

1. செல்ஃப் அடிக்காதீர்கள்

கார் நின்ற இடத்தில் நனைந்திருந்தாலும் சரி, ஓட்டும்போது தண்ணீரில் ஆஃப் ஆகியிருந்தாலும் சரி, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமே" என்று கை பரபரக்கும். பக்கத்தில் நிற்பவர்களும் அதையே சொல்வார்கள். வேண்டாம்.

பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை அழுத்துகிறது. காற்று அழுங்கும், தண்ணீர் அழுங்காது. இன்ஜின் காற்றை இழுக்கும் ஏர் இன்டேக் வழியாக உள்ளே தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் பாதியில் முட்டி நிற்கும், அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். இதைத்தான் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் தரப்பில் வரும் சர்வேயர்கள் ஹைட்ரோ லாக் என்று எழுதுவார்கள். டீசல் இன்ஜினில் அழுத்த விகிதம் அதிகம் என்பதால் கொஞ்சம் தண்ணீரே போதும்.

வெள்ளத்தில் நின்ற காரைச் சுத்தம் செய்வது ஒரு செலவு. ராடு வளைந்த இன்ஜினைப் பிரித்து மாற்றுவது அதற்குப் பல மடங்கு. யார் பணம் கட்டுவது என்ற சண்டை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

இதோடு ஒன்று: சிக்னலில் நின்றால் தானாக ஆஃப் ஆகி, கிளட்சை மிதித்தால் தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி இப்போது பல கார்களில் இருக்கிறது. மழையில் தேங்கிய தண்ணீருக்குள் ஊர்ந்து போகும்போது முதலில் அந்த பட்டனை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சாவியைத் தொடாமலே கார் தானே செல்ஃப் அடித்துக்கொள்ளும்.

அண்டர்பாஸில் தண்ணீர் நின்றால் காரை உள்ளே விடவே விடாதீர்கள். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸில் காருக்குள் சிக்கி ஓர் இளம்பெண் இறந்துபோனார். கார் போனால் போகட்டும்.

2. போட்டோ, வீடியோ

தண்ணீர் வடிவதற்கு முன்பே எடுங்கள். தண்ணீர் எந்த உயரம் என்பது தெரிய வேண்டும்: சக்கரத்தின் நடுவரை, நம்பர் பிளேட் வரை, கதவுக் கைப்பிடி வரை என்று. வடிந்த பிறகு கதவிலும் சீட்டிலும் சேற்றுக் கோடு இருக்கும், அதையும் எடுங்கள். பேஸ்மென்டுக்குள் இறங்கும் முன் மெயின் கரன்ட்டை அணைத்தாயிற்றா என்று செக்யூரிட்டியிடம் கேளுங்கள்.

தேதியும் நேரமும் படத்திலேயே அச்சாகும் கேமரா ஆப் எனக்குப் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை நம்பி அசலை அழித்துவிடாதீர்கள்.

தண்ணீர் வடிந்ததும் இரண்டு சோதனை செய்யலாம், இரண்டையும் வீடியோ எடுத்துக்கொண்டே. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைக் கழற்றி ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் இன்டேக் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்புக் குறைவு, பின்னால் அது நல்ல சாட்சி. அடுத்து ஆயில் டிப்ஸ்டிக். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதன்பின் ஒரு 10 எம்.எம். ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஹைபிரிட், மின்சார கார் என்றால் எதையும் தொடாமல் கார் கம்பெனி ஆளுக்குக் காத்திருங்கள், ஆரஞ்சு நிற கேபிள்களில் உயர் மின்னழுத்தம் ஓடும்.

3. இன்சூரன்ஸுக்குத் தகவல்

போன் போதும் என்பார்கள். எனக்கு இமெயில்தான் நம்பிக்கை. கிளெய்ம் எண் வாங்கியதும் அதே நாளில் நாலு வரி எழுதி அனுப்புங்கள்: எங்கே, எப்போது, கார் நின்றிருந்ததா ஓடிக்கொண்டிருந்ததா, அதற்குப் பின் ஸ்டார்ட் செய்ய முயன்றீர்களா இல்லையா. நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஸ்டார்ட் செய்திருந்தால் மறைக்கவும் வேண்டாம். இன்ஜினைப் பிரித்தால் வளைந்த ராடு தெரிந்துவிடும், பொய் சொன்ன கிளெய்மில் சீட்டும் கார்ப்பெட்டும்கூடக் கிடைக்காது.

4. வண்டியை எடுத்துப் போவது

காரை அப்படியே மேலே ஏற்றிப் போகும் ஃப்ளாட்பெட் லாரி மட்டும்தான். கயிறு கட்டி இழுப்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கியரில் இருக்கும் வண்டியை இழுத்தால் சக்கரம் இன்ஜினைச் சுற்றும், செல்ஃப் அடித்ததற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. பேஸ்மென்டிலிருந்து தள்ளும்போதும் நியூட்ரல். வழக்கமான தனியார் கார் பாலிசியில் டோயிங்குக்கு 1,500 ரூபாய் வரை உண்டு, ரசீதை வாங்கி வையுங்கள்.

(பிற்சேர்க்கை: ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் ஒருவர், பேட்டரியைக் கழற்றிய பின் கியர் 'பி'-யிலேயே மாட்டிக்கொண்டது, எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கும் விடவில்லை என்று எழுதியிருந்தார். பல கார்களில் கியர் லீவர் பக்கத்தில் சின்ன மூடிக்குக் கீழே விடுவிக்கும் பட்டன் இருக்கும், மேனுவலில் பாருங்கள். அதுவும் நடக்காவிட்டால் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் உருளைகளோடு வரச்சொல்லி டோயிங்காரரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.)

5. ஜாப் கார்டு. இங்கேதான் நிதானம் வேண்டும்

சர்வீஸ் சென்டரில் அன்று வரிசையாக நனைந்த கார்கள். அட்வைசர் ஜாப் கார்டை, அதாவது வண்டிக்கு என்ன ஆயிற்று என்று பதியும் படிவத்தை, டேப்லெட்டில் மளமளவென்று தட்டி, "சைன் போடுங்க சார்" என்று நீட்டினார். படித்தேன். 'தண்ணீரில் ஓட்டும்போது நின்றது, வாடிக்கையாளர் ஸ்டார்ட் செய்து பார்த்தும் ஆகவில்லை' என்று இருந்தது.

"நான் வண்டியை ஓட்டவே இல்லையேங்க, பேஸ்மென்ட்ல நின்னுச்சு."

"எல்லாருக்கும் இதைத்தான் போடறோம் சார், ஒண்ணும் ஆகாது."

ஆகும். நிறையவே ஆகும். சாதாரண முழு பாலிசியில், அதாவது உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கும் பணம் தரும் ஓன் டேமேஜ் இருக்கும் பாலிசியில், வெள்ளச் சேதம் உண்டு. ஆனால் அதே பாலிசி 'விளைவாக வரும் இழப்பு', 'இயந்திரக் கோளாறு' இரண்டையும் விலக்கி வைக்கிறது. வெள்ளம் புகுந்து சீட் கெட்டால் வெள்ளச் சேதம். வெள்ளத்தில் நின்ற காரை நீங்கள் ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால் அது வெள்ளத்தின் வேலை இல்லை, உங்கள் செயலின் விளைவு என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடும். இரண்டையும் பிரிப்பது அந்த ஒரு வரிதான். சர்வேயர் வந்ததும் உங்களிடம் கேட்பதற்கு முன் கையில் எடுப்பது ஜாப் கார்டைத்தான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. 'பேஸ்மென்டில் நிறுத்தியிருந்த வாகனத்தில் மழைநீர் புகுந்தது. ஸ்டார்ட் செய்யப்படவில்லை. ஃப்ளாட்பெட்டில் கொண்டுவரப்பட்டது' என்று மாற்றச் சொன்னேன். அவருக்கு எரிச்சல். சிஸ்டத்தில் மாற்ற முடியாது என்றார், மேனேஜர் வந்ததும் மாற்ற முடிந்தது. உங்களிடம் மாற்ற மறுத்தால் பிரின்டில் பேனாவால் திருத்தி எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்கும் சர்வீஸ் சென்டருக்கும் ஒரே மெயிலில் அனுப்பிவிடுங்கள். அதே ஜாப் கார்டில் 'உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஸ்டார்ட் செய்யவோ இன்ஜினைப் பிரிக்கவோ கூடாது' என்றும் ஒரு வரி சேருங்கள். வண்டியை உள்ளே நகர்த்த ஒரு பையன் சாவியைத் திருப்பினால் போதும், மேலே சொன்னதெல்லாம் வீண்.

6. சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்கக் கூடாது

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை, அறிக்கை வந்த 7 நாளில் முடிவு. இந்த எண்களை மெயிலில் குறிப்பிட்டாலே வேகம் கூடுகிறது.

சர்வேயர் வரும் நாளில் நீங்களும் போங்கள். ஆயிலை அவர் முன்னால் வடிக்கச் சொல்லுங்கள். இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சர்வீஸ் சென்டர் சொன்னால், முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியே போரோஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் மாட்டும் போரோஸ்கோப் ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. என் கருத்தில், நேரே 'இன்ஜினைப் பிரித்தால்தான் தெரியும்' என்று ஆரம்பிக்கும் சர்வீஸ் சென்டரிடம் சந்தேகத்தோடு இருப்பது நல்லது. பிரித்த பின் கிளெய்ம் மறுக்கப்பட்டால் பிரித்த கூலி, திரும்பப் பூட்டும் கூலி இரண்டும் உங்களுடையது. பிரிக்கத்தான் வேண்டும் என்றால் சர்வேயரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

7. சரி, யார் கட்டுவது?

தேர்ட் பார்ட்டி பாலிசி, அதாவது அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கானது, மட்டும் இருந்தால் முழுதும் உங்கள் கைக்காசு. பேச்சே இல்லை.

ஓன் டேமேஜ் இருந்து, கார் நின்ற இடத்தில் நனைந்து, செல்ஃப் அடிக்காமல் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கட்ட வேண்டும். அதிலும் முழுசாக வராது. 1500 சி.சி. வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டும். பேட்டரி, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் பாதி தேய்மானமாகக் கழியும். உலோகப் பாகங்களில் மூன்று வருடம் தாண்டிய காருக்கு 25 சதவீதம், ஐந்து தாண்டினால் 40. பாலிசியோடு கூடுதலாக வாங்கும் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத) ஆட்-ஆன் இருந்தால் பெரும்பாலான பாகங்களுக்கு இந்தக் கழிவு இல்லை. ஆயில், கூலன்ட் போன்றவற்றுக்குத் தனி ஆட்-ஆன் வேண்டும். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் (முழு இழப்பு).

ஓட்டும்போது நின்று ஹைட்ரோ லாக் ஆகியிருந்தால் இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தால்தான் சண்டை இல்லாமல் கிடைக்கும். அது இல்லாமலும் நுகர்வோர் ஆணையங்களில் ஜெயித்தவர்கள் உண்டு, தோற்றவர்களும் உண்டு. ஆட்-ஆன் இருந்தாலும் நின்ற பின் மறுபடி மறுபடி செல்ஃப் அடித்ததற்குப் பணம் தர மாட்டேன் என்று நிபந்தனை இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

கார் கம்பெனியின் வாரன்ட்டி? தண்ணீர் புகுந்ததற்கு அது கிடையாது.

கார் சர்வீஸ் சென்டரிலோ ஹோட்டல் வேலெட்டிடமோ இருந்தபோது நனைந்தால் கதை வேறு. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை வாங்கியவர் அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. வேலெட்டிடம் கொடுத்த கார் திருடுபோன வழக்கில் ஹோட்டல்தான் பொறுப்பு என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தவும்' என்று சீட்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

அடுக்ககச் சங்கம் பம்பு போடவில்லை என்று கேட்கலாமா? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் அனல் பறந்தது. பம்பு பழுது என்று முன்பே எழுத்தில் புகார் இருந்தால் பேச இடமுண்டு. இல்லாவிட்டால் உங்கள் பாலிசியே வழி. மாநகராட்சியிடம் கேட்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஆயுசு போதாது.

8. மறுத்துவிட்டால்

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்திலும், சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார்த் தளமான பீமா பரோசாவில் பதியுங்கள் (போன் 155255). ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கர்நாடகத்துக்கு ஜே.பி. நகரில் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரை விசாரிப்பார்கள், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம். முதலில் ஆம்புட்ஸ்மேன் என்பதே என் விருப்பம், அங்கே தோற்றாலும் ஆணையத்தின் கதவு திறந்தேதான் இருக்கிறது.

பிற்சேர்க்கை

சின்னச் சேதத்துக்கு கிளெய்ம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதத்தில் இருப்பவர் கார்ப்பெட் காயவைக்க கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொருவர் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர். ஆர்.சி. அவர் பெயருக்கு வந்துவிட்டது, பாலிசி மட்டும் பழைய ஓனர் பெயரில். கார் வாங்கிய 14 நாளுக்குள் பாலிசி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி பகுதி தானாகத் தொடரும், ஓன் டேமேஜ் தொடராது. அந்தக் காருக்காக கிளெய்ம் கேட்கும் உரிமை பழைய ஓனருக்கு விற்ற அன்றே போய்விட்டது, புதியவருக்கோ ஓன் டேமேஜ் பாலிசியே இல்லை. மழைக்காலம் வரும் முன் ஆர்.சி.யையும் பாலிசியையும் பக்கத்தில் வைத்துப் பெயர், சேசிஸ் எண் இரண்டையும் சரிபார்த்துவிடுங்கள்.