புதுப் பவளத்துக்கு வெளிச்சம் பழக்குவது எப்படி?

என் அம்மாயி ஹட்டன் பக்கம் தேயிலைத் தவறணையில், அதாவது கன்று வளர்க்கும் நாற்றங்காலில், வேலை செய்தவர். கன்றுகளை நேரே மலையில் கொண்டுபோய் நட்டுவிட மாட்டார்கள். மேலே போட்ட நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வெயிலுக்குப் பழக்கிய பிறகுதான் நடுவார்கள். மீன் தொட்டிக்கு வரும் புதுப் பவளத்துக்கும் இதே பக்குவம்தான் வேண்டும்.

பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பல பவளங்களுக்குச் சாப்பாட்டில் பெரும்பங்கை அதுதான் வெளிச்சத்தைக்கொண்டு செய்து கொடுக்கிறது. வெளிச்சம் திடீரென்று கூடினால் அந்தப் பாசியே நச்சை உண்டாக்கத் தொடங்கும். பவளம் அதை வெளியே தள்ளிவிடும். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவையில் பவளங்கள் வெளுத்தபோதும் இப்படித்தான் பாசி போனது.

வாங்கும்போதே கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த லைட்டின் கீழ், எவ்வளவு ஆழத்தில் இருந்தது? தொட்டியில் வெட்டிப் பெருக்கிய துண்டுதானா? நம் கடலில் கல் பவளத்தைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். நம் மலைநாட்டு இரவுக் குளிருக்கு ஹீட்டர் கட்டாயம். 25–26 பாகை செல்சியஸ் நிலையாக இருக்க வேண்டும். குளிரில் வாடிய பவளம் வெளிச்சத்தையும் தாங்காது.

அன்றைக்கு லைட்டைப் போடாதீர்கள். பவளத்தை அடிமணலில், பாறை நிழல் விழும் ஓரமாக வையுங்கள்.

மறுநாள் முதல் லைட்டை 40 சதவீதத்தில், ஐந்தாறு மணி நேரம் எரிய விடுங்கள். வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் போதும். நேரத்தையும் மெல்ல நீட்டி, ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரத்தோடு நிறுத்துங்கள். குறைக்க முடியாத லைட்டா? நுளம்பு வலையை நாலு மடிப்பாக மடித்து, சூடான பாகத்தில் படாமல், லைட்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் கட்டி, நாலு நாளுக்கு ஒரு மடிப்பாக எடுங்கள். தவறணையில் நிழல் எடுப்பதும் இப்படித்தானே! தொட்டியில் ஏற்கெனவே பழகிய பவளங்கள் இருந்தால், புதுசு இருக்கும் மூலைக்கு மேல் மட்டும் வலை கட்டுங்கள். பழையவற்றைப் பட்டினி போடக்கூடாது.

அப்புறம்தான் இடமாற்றம். மஷ்ரூம் பவளம் பெரும்பாலும் கீழேயே சந்தோஷமாக இருக்கும். உயரம் கேட்கும் வகையை வாரத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர் மட்டும் ஏற்றுங்கள்.

கைகளின் நுனி சுத்தியல்போல இருக்கும் ஹாமர் பவளம், நான் வாங்கிய முதல் ஒன்றை வாங்கிய அன்றே பாறை உச்சியில் வைத்துவிட்டேன். நாலாம் நாள் லைட்டைப் பார்த்த பக்கம் மட்டும் வெளிறிக் கிடந்தது. அடிப்பக்கம் பச்சை அப்படியே இருந்தது. அன்றுதான் வித்தியாசம் புரிந்தது: மேல்பக்கம் வெளிறினால் வெளிச்சம் அதிகம். நாளாக ஆக மொத்தமும் பழுப்பேறினால் பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை.

வெளுத்தது எல்லாம் செத்தது அல்ல. எலும்பின் மேல் கண்ணாடிபோலச் சதை இருந்தால் உயிர் இருக்கிறது. நிழலுக்கு இறக்குங்கள், தினமும் தொட்டு இடம் மாற்றாதீர்கள். பாசி இல்லாமல் அது பசியோடு இருக்கும். ஹாமர்போல வாய் பெரிதான வகை என்றால், லைட் அணைத்த பிறகு பொடியாக நறுக்கிய இறாலை வாயருகே மெல்ல விடுங்கள். நிறம் திரும்ப மாதக்கணக்கும் ஆகலாம்.