விற்காத டிசைன் பட்டியலில் வரவே இல்லை

ஆத்தங்குடியில் மாமாவின் டைல்ஸ் பட்டறைக்காக எஸ்க்யூலைட் (SQLite) என்ற சின்ன தரவுத்தளத்தில் இரண்டு டேபிள் போட்டேன்: டிசைன், ஆர்டர்ஸ். (வெறும் ஆர்டர் என்று பெயர் வைத்தால் பிழை காட்டும், அது தரவைக் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் (SQL) சொந்தச் சொல்.) 2024-இல் எந்த டிசைன் போகவே இல்லை என்று மாமாவுக்குத் தெரிய வேண்டும். கண்ணாடி மேல் சாயம் ஊற்றிக் கையால் செய்கிற கல், சும்மா செய்து அடுக்க முடியாது.

ஆர்டர் இல்லாத டிசைனையும் விடாமல் காட்டும் லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN) போட்டு, டிசைன் வாரியாக ஆர்டரை எண்ணினேன். அப்போதும் விற்காதவை வரவில்லை. ஆண்டு நிபந்தனை, இணைத்த பிறகு வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் இருந்ததுதான் காரணம். ஆர்டரே இல்லாத டிசைனுக்குத் தேதி நல் (NULL), அதாவது காலி. வேர் அதை வடிகட்டிவிடும். நிபந்தனையை, டேபிள்களை இணைக்கும் ஆன் (ON) பகுதிக்கு மாற்றியதும் எல்லாம் வந்தன, ஆனால் 0 வர வேண்டிய இடத்தில் 1! வரிசைகளை எண்ணும் கவுண்ட் ஸ்டார், அதாவது COUNT(*), காலி வரிசையையும் எண்ணும். அப்புறம் கவுண்ட்டுக்குள் ஆர்டர் எண்ணைக் கொடுத்தேன்; அப்போது நல்லை எண்ணாது, சரியாகிவிட்டது.

பச்சைப் பூ டிசைனுக்கு நேரே 0. மாமா பார்த்துவிட்டு, "அது எங்க அய்யா காலத்து அச்சு மாப்ளே, நிறுத்த முடியாது" என்றார்.