ஆக்டிவ் ஆர்எஃப்ஐடி டேக்: சிக்னல் அனுப்பும் இடைவெளியை முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்

ஆர்எஃப்ஐடி டேக் என்பது ஒரு பொருளில் ஒட்டும் சிறு வில்லை; தன் அடையாள எண்ணை ரேடியோ அலையில் ரீடர் என்ற கருவிக்குச் சொல்லும். பேட்டரி இல்லாத பாஸிவ் டேக் ரீடரின் அலை பட்டால்தான் விழிக்கும். ஆக்டிவ் டேக்கில் பேட்டரியும் டிரான்ஸ்மிட்டரும் உள்ளேயே இருப்பதால், திறந்தவெளியில் 100 மீட்டர்கூட எட்டும். கன்டெய்னர், மருத்துவமனைக் கருவி, தொழிற்சாலை டிராலி போன்றவை எங்கே நிற்கின்றன என்று தேட இதுதான் சரி. வாசலைத் தாண்டியதா என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் பாஸிவே போதும், வீண் செலவு எதற்கு?

பெரும்பாலான ஆக்டிவ் டேக்குகள் 433 மெகாஹெர்ட்ஸிலோ 2.4 கிகாஹெர்ட்ஸிலோ தங்கள் அடையாள எண்ணை அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். எத்தனை விநாடிக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரியில் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். டேக் தூங்கும்போது 2 மைக்ரோ ஆம்பியரும், அனுப்பும் 3 மில்லி விநாடிக்கு 15 மில்லி ஆம்பியரும் இழுப்பதாகக் கொள்வோம். விநாடிக்கு ஒருமுறை அனுப்பினால் சராசரி 47 மைக்ரோ ஆம்பியர். ஆறரை மாதத்தில் பேட்டரி காலி. 10 விநாடிக்கு ஒருமுறை என்றால் சராசரி 6.5தான், காகிதக் கணக்கில் நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, நடைமுறையில் இன்னும் குறையும்.

நெரிசலையும் பாருங்கள். ஒரே ரீடரின் எல்லைக்குள் 500 டேக்குகள் 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்பினால், நான்கில் ஒரு சிக்னல் இன்னொன்றோடு மோதி வீணாகும். அதையே விநாடிக்கு ஒருமுறை ஆக்கினால் இருபதில் ஒன்று தப்பினால் பெரிது. வேகமாக அனுப்பினால் நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு இங்கேதான் காலை வாரும். இடைவெளியைச் சற்றே முன்பின் மாற்றிக்கொள்ளும் டேக்காக எடுங்கள். இல்லையேல் ஒருமுறை மோதிய இரண்டும் திரும்பத் திரும்ப மோதும். அசைவு சென்சார் இருந்தால், நகரும்போது 2 விநாடி, நிற்கும்போது 60 விநாடி என்று வைக்கலாம்.

சிக்னல் வலிமையை வைத்து இடம் கண்டால் சில மீட்டர் பிசகும். சுவருக்கு அந்தப் பக்கத்து ரீடர் இன்னும் பலமாகக் கேட்டு, கருவி அறை விட்டு அறை தாவுவதுபோல் காட்டும். தொடர்ந்து மூன்று சிக்னல் புதிய அறையில் பலமாகக் கேட்ட பிறகே இடத்தை மாற்றும்படி மென்பொருளை அமையுங்கள். அதுவும் போதாதென்றால், கதவருகே 125 கிலோஹெர்ட்ஸ் எக்ஸைட்டர் (அருகே வரும் டேக்கைத் தட்டியெழுப்பும் கருவி) வையுங்கள். அதன் புலம் சில மீட்டரோடு நின்றுவிடும் என்பதால், டேக் எந்தக் கதவருகே வந்தது என்று தெளிவாகும்.

டேக்கை இரும்பின்மேல் நேரடியாக ஒட்டினால் ஆன்டெனாவின் அலைவரிசை நகர்ந்து, தூரம் சுருங்கும். உலோகத்துக்கென்றே செய்த டேக் இல்லையென்றால், இடையே ஒரு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸை மனித உடலும் தண்ணீரும் விழுங்கும் என்பதால், ரீடரைத் தலைக்கு மேல் மாட்டுங்கள்.

குளிர் அறைக்குப் பட்டன் பேட்டரி ஆகாது. உள்மின்தடை ஏறி, அனுப்பும் கணத்தில் வோல்டேஜ் விழுந்து டேக் ரீசெட் ஆகும். வெளியே கொண்டுவந்து சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அங்கே லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி போட்ட டேக்கைக் கேட்டு வாங்குங்கள்.