குளோரின் அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு: அந்த பிபிஎம் எண்களை எப்படிப் படிப்பது?

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராகச் சேரும் பலருக்கு வால்வை எப்படித் திறப்பது, சிலிண்டரை எப்படி மாற்றுவது என்று யாராவது கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். சுவரில் மாட்டியிருக்கும் டிடெக்டரில் 0.4 என்று காட்டினால் அதற்கு என்ன அர்த்தம், அங்கே நிற்கலாமா வெளியே போக வேண்டுமா என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

படி 1: பிபிஎம் எவ்வளவு சின்னது என்று புரிந்துகொள்ளுங்கள்

பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு குளோரின் இருந்தால் அது 1 பிபிஎம். எடையில் சொன்னால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 2.9 மில்லிகிராம். இப்போது 100 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 3 கிராம் குளோரின் சீராகக் கலந்தாலே 10 பிபிஎம் வந்துவிடும், அந்த அளவில் பாதுகாப்புக் கருவி இல்லாமல் யாரும் உள்ளே இருக்கவே கூடாது. உங்கள் அறையில் கிடக்கும் டன்னரில் (படுக்கை வாட்டில் வைக்கும் பெரிய சிலிண்டர்) இருப்பது 900 கிலோ.

படி 2: எந்த எண் எதற்கு?

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த இந்தியாவின் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் குளோரினுக்கு இரண்டு வரம்புகள் இருந்தன: 8 மணி நேர வேலையின் சராசரி 1 பிபிஎம், 15 நிமிடக் குறுகிய நேரத்துக்கு 3 பிபிஎம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அரசு அமைப்பான ஓஷாவும் 1 பிபிஎம் என்றுதான் சொல்கிறது, ஆனால் அங்கே அது சராசரி இல்லை, எந்த நேரத்திலும் தாண்டக் கூடாத உச்சம். அதே நாட்டின் பணியிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான நியோஷ், 15 நிமிடத்துக்கு 0.5 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்கிறது. தொழில் சுகாதார வல்லுநர்களின் அமைப்பான ஏசிஜிஐஎச் இன்னும் கீழே இறங்கி, சராசரி 0.1, குறுகிய நேரத்துக்கு 0.4 என்று வைத்திருக்கிறது. 10 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு.

அந்தச் சட்டம் 1 என்றதே, அப்படியானால் 0.8 பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். நுரையீரலுக்கு நாட்டு எல்லை கிடையாது. என்னைக் கேட்டால் அலாரத்தை 0.5இல் வைக்கச் சொல்லி மேலதிகாரியிடம் கேளுங்கள், அன்றாட வேலைக்கு 0.1ஐ இலக்காக வையுங்கள்.

படி 3: உங்கள் ஷிப்ட்டைக் கணக்குப் போடுங்கள்

ஒவ்வொரு அளவையும் அதில் இருந்த மணி நேரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி 8ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 6 மணி நேரம் 0.1, ஒரு மணி நேரம் 0.5, சிலிண்டர் மாற்றிய ஒரு மணி நேரம் 1.0 என்று வைத்துக்கொள்வோம். 0.6 + 0.5 + 1.0 = 2.1. எட்டால் வகுத்தால் 0.26. தொழிற்சாலைகள் சட்டத்தின் வரம்புப்படி இது பாஸ். ஆனால் ஏசிஜிஐஎச் சராசரியைப் போல இரண்டரை மடங்கு, அதோடு அந்தக் கடைசி ஒரு மணி நேரம் ஏசிஜிஐஎச், நியோஷ் சொல்லும் குறுகிய நேர வரம்புகளான 0.4, 0.5 இரண்டையும் தாண்டிவிட்டது. சராசரியை மட்டும் பார்த்தால் சிலிண்டர் மாற்றும் நேரத்தின் ஆபத்து கண்ணுக்கே தெரியாது, அதனால் அந்த நேரத்து ரீடிங்கைத் தனியாக லாக் புக்கில் எழுதுங்கள்.

படி 4: உடம்பு என்ன சொல்லும்?

குளோரின் ஈரத்தில் பட்டதும் அமிலமாக மாறும். கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாமே ஈரமான இடங்கள். 1 முதல் 3 பிபிஎம்மில் கண்ணும் மூக்கும் எரியும். 5ஐத் தாண்டினால் தொண்டை கமறி இருமல் பிடிக்கும். 30ஐ நெருங்கும்போது நெஞ்சு வலி, வாந்தி, மூச்சுத் திணறல். 40 முதல் 60க்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். 1000 பிபிஎம்மில் சில நிமிடங்களில் உயிர் போகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே தொந்தரவு தொடங்கிவிடும். ஒரே ஒரு முறை பெரிய அளவில் சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா போன்ற இளைப்பு மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

"வாசனை வந்தா தெரிஞ்சிடும்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 0.3 பிபிஎம் அளவிலேயே பலருக்கு நெடி தெரியும் என்பது உண்மைதான், ஆனால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும், அப்புறம் அளவு கூடினாலும் உணர்த்தாது. டிடெக்டரை நம்புங்கள்.

படி 5: கதவைத் திறப்பதற்கு முன்

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தரையாகப் படரும். எனவே எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை இழுக்கும் வழியும் டிடெக்டரின் சென்சாரும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள், மேலே இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஃபேன் சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். ஃபேனைப் போட்டு, சில நிமிடம் விட்டு, ரீடிங் பார்த்து, பிறகுதான் உள்ளே. தனியாகப் போகவே கூடாது.

சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் புது ஈய வாஷர் போடுங்கள். பழையதைத் திரும்பப் போட்டால் அங்கேதான் கசியும். இணைத்ததும் அம்மோனியா கரைசல் பாட்டிலின் ஆவியை மட்டும் இணைப்பின் அருகே காட்டுங்கள், வெண்புகை வந்தால் கசிவு. கரைசல் உலோகத்தின் மேல் படக் கூடாது.

படி 6: கசிந்தால்

காற்று வீசும் திசைக்குக் குறுக்காகவும் பிறகு எதிராகவும், மேடான இடத்தை நோக்கிப் போங்கள். பள்ளத்திலோ நிலவறையிலோ ஒதுங்காதீர்கள். கசியும் சிலிண்டர் மேல் தண்ணீர் அடிக்கவே கூடாது, ஈரத்தோடு சேர்ந்த குளோரின் உலோகத்தை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். டன்னரில் திரவமாகக் கசிந்தால், பயிற்சி பெற்றவர்கள் அதை உருட்டி ஓட்டையை மேல்பக்கம் கொண்டுவருவார்கள். ஒரு லிட்டர் திரவம் சுமார் 450 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால் திரவத்தைவிட வாயுவாகக் கசிவது எவ்வளவோ மேல். ஆனால் காற்று சிலிண்டரை முதுகில் மாட்டும் மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் அருகே போக வேண்டாம், வடிகட்டி வைத்த மாஸ்க் அந்த அளவைத் தாங்காது.

படி 7: சுவாசித்தவரை என்ன செய்வது?

நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோய், வாயு பட்ட உடையைக் கழற்றி, கண்ணைச் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். சாய்ந்து உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். மூச்சுத் திணறும்போது பால், மோர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். 108ஐ அழையுங்கள். அரை மணி நேரத்தில் "சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போறேன்" என்பார், விடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துக்கூடத் தொடங்கலாம், அதனால் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். டாக்டரிடம் குளோரின் என்று பெயரைச் சொல்லி, டிடெக்டரில் பார்த்த அளவையும் எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார் என்பதையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.